மாவிலாறு: கதவின் சாவி யாரிடம் இருந்தது?

அன்புவழிபுரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு விறாந்தையில் மகள் ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். மரபுத்தொடர்களுக்குக் கருத்து எழுதும் பயிற்சி அது. "வாப்பா, 'ஓப்பன் த ஃப்ளட்கேட்ஸ்' எண்டா என்ன?" என்று கேட்டாள். வான்கதவைத் திறந்துவிடுவது என்றேன். அது சொல்லுக்குச் சொல் அர்த்தம், பயிற்சியில் கேட்பது வேறு என்று சொல்லி, புத்தகத்தில் இருந்த விளக்கத்தை அவளே வாசித்துக் காட்டினாள். ஒருவருக்கு ஒன்றை அனுமதித்தால் அதைக் காட்டிப் பின்னால் பலரும் வருவார்கள், பிறகு யாராலும் தடுக்க முடியாது. ஆகவே முதலாவது ஆளுக்கே கொடுக்காமல் இருப்பது நல்லது என்ற எச்சரிக்கையோடுதான் ஆங்கிலேயர் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் பாவிக்கிறார்கள்.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் இது கேட்டது. மேன்காமத்து விவசாயி. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வயல் மட்டும் இன்னும் அங்கேதான், மாவிலாற்றுத் தண்ணீரில் விளைகிறது. "வான்கதவு துறக்கிறதுக்கு ஏன் தம்பி பயப்பிடோணும்? துறக்காட்டித்தான் பயம். கட்டு போயிடும்" என்றார்.

அந்த வார்த்தை இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. நான் மூதூரில் பிறந்தவன். அந்த ஆங்கிலத் தொடரை என் குடும்பத்துக்கு ஒருவர் நல்ல தமிழில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஜூலையோடு மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டு 20 வருடம் நிறைகிறது. கதவு என்றால் என்ன, அதைத் திறப்பதும் மூடுவதும் யாருடைய அதிகாரம், கீழ்க்கோடியில் இருப்பவர்களிடம் அதை யார் கேட்டார்கள் என்ற கேள்விகளை நாம் இன்னும் சரியாகப் பேசி முடிக்கவில்லை.

மகாவலி கடலை நெருங்கும் இடத்தில் பிரிந்து வெருகல் ஆறாகப் போகிறது. அந்தப் பக்கத்தில்தான் மாவிலாற்று அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து வரும் வாய்க்கால் அல்லைத் திட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது. சேருவில, சேருநுவர, தெஹிவத்தைப் பக்கச் சிங்கள விவசாயிகளும், கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலித் தமிழ் விவசாயிகளும், தோப்பூர், மூதூர் முஸ்லிம் விவசாயிகளும் ஒரே வாய்க்காலின் வெவ்வேறு மடைகளில் இருந்து தண்ணீர் எடுப்பவர்கள். எங்கள் மாவட்டத்தில் மூன்று சமூகத்தையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கைவைத்துத் தொடக்கூடிய இடம் எது என்று கேட்டால், நான் அந்த மதகைத்தான் காட்டுவேன். 2006இல் அதைத் தொட்டவர்களுக்கும் இது தெரிந்திருந்தது.

2006 ஜூலை மூன்றாம் வாரத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தக் கதவு மூடப்பட்டது. சுமார் 15,000 குடும்பங்களுக்கும் 30,000 ஏக்கர் வயலுக்கும் தண்ணீர் நின்றுபோனதாக அரசாங்கம் சொன்னது. சிறுபோகப் பயிர் வயலில் நின்ற காலம். ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மக்களுக்குக் குடிநீர்த் திட்டம் கிடைக்கவில்லை, பொருட்கள் போகவிடாமல் தடுக்கப்படுகின்றன, அதனால் மக்களே கதவை மூடினார்கள் என்பது புலிகள் தரப்பின் விளக்கம். குடிநீர் இல்லை என்ற குறை பொய்யான குறை அல்ல. அந்தப் பக்கத்துக் கிணறுகளையும் பாதைகளையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்பவர்கள், தங்களுக்கு அந்தத் தண்ணீரை மறுக்காத தோப்பூர்க்காரனின் வயலைக் காயவைத்துத்தான் கேட்க வேண்டுமா? அந்த வயலில் நின்ற கூலியாளில் தமிழரும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. மதீனாவில் ஹர்ரா என்ற இடத்து வாய்க்கால் தண்ணீர் பற்றி ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் பிணக்கு வந்தது. மேலே இருப்பவர் தன் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்குத் தண்ணீரை விட வேண்டும் என்பதே நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்ன தீர்வு. மேல்மடைக்காரருக்கு முந்தும் உரிமை உண்டு, மறித்து வைக்கும் உரிமை இல்லை என்ற சட்டத்தைப் பிற்கால அறிஞர்கள் இதிலிருந்து விரித்து எடுத்தார்கள். நம் வட்டவிதானைமார் இந்த ஹதீஸைப் படித்துவிட்டு மடை பங்கிட்டவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

கதவு மூடிச் சில நாட்களில், ஜூலை 26 அளவில் விமானத் தாக்குதல் தொடங்கியது. மாத முடிவில் தரைப்படை இறங்கியது. தண்ணீரை மீட்கும் மனிதாபிமான நடவடிக்கை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஓகஸ்ட் முதல் நாளில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஷெல் விழுந்தது. அடுத்த நாள் அதிகாலை புலிகள் மூதூருக்குள் வந்தார்கள்.

கதவு இருந்த இடம் எங்கே, மூதூர்ப் பட்டினம் எங்கே! மாவிலாற்றுச் சண்டை எங்களைத் தேடி வந்தது என்றுதான் இன்றும் ஊரில் சொல்வார்கள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் அரபுக் கல்லூரியிலும் சனம் நிறைந்திருந்தது. அப்படித் தஞ்சம் புகுந்திருந்த இடங்களிலும் ஷெல் விழுந்து ஆட்கள் இறந்தார்கள். எந்தத் தரப்பு ஷெல் என்ற விவாதம் பத்திரிகைகளில் நடந்தது. ஜனாஸாவைத் தூக்க வழியில்லாமல் நின்றவர்களுக்கு அந்த விவாதத்தில் அக்கறை இருக்கவில்லை. 4ஆம் திகதி ஊரே எழுந்து நடந்தது. வழியில் புலிகள் மறித்து இளைஞர்களைப் பிரித்து நிறுத்தியதும், அங்கேயும் ஷெல் விழுந்ததும், காணாமல் போனவர்களின் பெயர்களும் பல மனித உரிமை அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. என் உம்மா ஒரு காலில் செருப்பில்லாமல் கந்தளாய் போய்ச் சேர்ந்தார். சுமார் 40,000 பேர் அந்த நாட்களில் மூதூர்ப் பிரதேசத்தை விட்டு வெளியேறினார்கள்.

அதே 4ஆம் திகதி, ஆளில்லாத பட்டினத்தில், ஏசிஎஃப் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 ஊழியர்கள் அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமிக்குப் பிந்திய நீர், சுகாதார வேலைகளுக்காக வந்தவர்கள் அவர்கள். தண்ணீரின் பெயரால் தொடங்கிய சண்டையில், ஊருக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவர்கள் அந்த வளவில் கிடந்தார்கள். பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று நோர்வே தலைமையிலான கண்காணிப்புக் குழு சொன்னது, அரசாங்கம் மறுத்தது. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

அந்த நாட்களில் நடந்த இன்னொன்றை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. நோர்வேத் தூதுவர் ஜோன் ஹன்சன் பௌவர் புலிகளிடம் பேசிக் கதவைத் திறக்க இணக்கம் பெற்றார். ஓகஸ்ட் 6ஆம் திகதி கண்காணிப்புக் குழுத் தலைவர் உல்ஃப் ஹென்றிக்சன் கதவைத் திறக்கவென்று அந்தப் பக்கம் போனார். அவர் போகும் பாதையில் அரச படையினரின் ஷெல் விழுந்தது, திரும்பி வந்தார். அரசாங்கத்துக்குத் தண்ணீர் அல்ல, வேறு ஏதோ தேவைப்படுகிறது என்ற கருத்தில் கண்காணிப்புக் குழுவின் தரப்பு பேசியது. 8ஆம் திகதி புலிகள் கதவைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது, சண்டை நிற்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் சம்பூர் விழுந்தது. பிறகு வாகரை, தொப்பிகல, வடக்கு. முடிவு 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில். மாவிலாறு இல்லாவிட்டால் இறுதி யுத்தமே வந்திருக்காது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. இரண்டு தரப்பும் ஏற்கெனவே ஆயத்தமாகத்தான் இருந்தன, மாவிலாறு நேரத்தையும் இடத்தையும் கொடுத்தது. ஆனாலும் ஒரு தரப்பு ஒரு மடையை மூடியதும், அது திறக்கப்பட்ட பின்னும் மறுதரப்பு நிற்காததும் வரலாறு.

இதில் நம் இடம் எது? 2002 பெப்ரவரி 22இல் கையெழுத்தான யுத்தநிறுத்த ஒப்பந்தம் இரண்டு கையெழுத்து கொண்டது. பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு வேண்டும் என்று கேட்டோம், கிடைக்கவில்லை. கதவுக்கு இரண்டு சாவி இருந்தது, இரண்டும் எங்களிடம் இல்லை. கண்காணிப்புக் குழு பேசிய மேசையில் தோப்பூர்க்காரன் இல்லை, தெஹிவத்தைக்காரனும் இல்லை, மேன்காமத்து ஐயாவும் இல்லை. நமக்கு மட்டும் அநியாயம் நடந்தது என்று எழுதினால் ஊரில் கைதட்டுவார்கள். ஆனால் அந்த வாய்க்காலில் நின்ற மூன்று சமூகத்து விவசாயிகளையும் அந்த மேசை ஒரேமாதிரித்தான் பார்த்தது.

இனி, அந்த ஆங்கிலத் தொடருக்கு வருகிறேன்.

மூதூருக்குத் திரும்பியபோது வாப்பாவின் கடையில் றாக்கைகள்கூட இருக்கவில்லை. ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போனார். விலைப்பட்டியல், கிராம சேவகர் கடிதம், இரண்டு சாட்சி, எல்லாம் இருந்தது. அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். "ஹாஜியார், உங்களுக்கு எழுதினா நாளைக்கு முழு மூதூரும் வந்து நிக்கும். நான் என்ன செய்ய?" வாப்பா திரும்பி வந்துவிட்டார். 2013இல் வஃபாத்தாகும் வரை அந்த வசனத்தை அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். "முழு மூதூரும் வந்து நிண்டா என்ன? முழு மூதூருக்கும்தானே போனது!"

வான்கதவு திறந்துவிடும் என்ற இந்தப் பயம் வெறும் பேச்சு வழக்கல்ல. ஆங்கிலச் சட்டத்தில் அதற்கென்று ஒரு வாதமே இருக்கிறது, 'ஃப்ளட்கேட்ஸ்' வாதம். 1888இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்த கோல்டஸ் வழக்கைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் ரயில் கடவையின் கதவைக் காப்பவர் கவனயீனமாகத் திறந்துவிட, குதிரை வண்டியில் போன கணவனும் மனைவியும் ரயிலில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினார்கள். உடலில் ரயில் படவில்லை, ஆனால் அந்தப் பெண் அதிர்ச்சியில் கடுமையாக நோயுற்றாள். நட்டஈடு இல்லை என்றது பிரிவிக் கவுன்சில். சொன்ன காரணங்களில் ஒன்று, இதை அனுமதித்தால் கற்பனையான கோரிக்கைகள் பெருகும் என்பது. கதவைத் தவறாகத் திறந்த காவலாளி ஒருவர். அதற்காக நீதியின் கதவைச் சாத்தியது நீதிமன்றம். மன அதிர்ச்சியும் காயம்தான் என்று பிற்காலத்து நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. வெள்ளம் வந்து நீதிமன்றங்கள் எதுவும் அடித்துக்கொண்டு போகப்படவில்லை. இலங்கையில் இருந்தும் 1970களின் தொடக்கம் வரை மேன்முறையீடுகள் அந்தப் பிரிவிக் கவுன்சிலுக்குத்தான் போயின. அந்தப் பயமும் அந்தக் கப்பலிலேயே இங்கே வந்திருக்க வேண்டும்.

அரசியலில் இதை நாம் தினமும் கேட்கிறோம். ஒரு படுகொலையை விசாரித்தால் எல்லாவற்றையும் விசாரிக்கச் சொல்வார்கள். ஒரு காணியை விட்டால் எல்லாக் காணியையும் கேட்பார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களுக்கு மீள்குடியேற்றத்தில் முன்னுரிமை கேட்டபோதெல்லாம் இதே பதில் ஏதோ ஒரு மொழியில் வந்தது. உடலாகம ஆணைக்குழுவிடம் கொடுக்கப்பட்ட 16 சம்பவங்களில் ஏசிஎஃப் கொலையும் இருந்தது, 2006 ஓகஸ்ட் மூதூர் முஸ்லிம் கிராமத்தவர் கொலையும் இருந்தது. அறிக்கை 2009இல் முடிந்தது. மக்கள் பார்வைக்கு வந்தது 2015இல். இடைப்பட்ட ஆறு வருடம் கதவு சாத்தியே இருந்தது.

நம் மொழி இதை வேறு மாதிரிப் பார்க்கிறது. நன்றாகப் பேசும் ஒருவரை 'மடை திறந்த வெள்ளம் போலப் பேசினார்' என்று புகழ்கிறோம். குளம் கட்டி வாழ்ந்த சனத்துக்கு மடை திறப்பது அபாயச் செய்தி அல்ல, விதைப்புச் செய்தி. எந்தத் திகதியில் திறப்பது, எப்போது மூடுவது என்று போகத்துக்கு முன்னால் விவசாயிகளைக் கூட்டி முடிவெடுக்கும் வழக்கம் இன்றும் சட்டத்தோடு இருக்கிறது. இந்தத் தீவின் பழைய குளங்களில் கட்டுக்கு உட்புறமாகக் கல்லால் சதுரக் கிணறு ஒன்று கட்டியிருப்பார்கள். சிங்களத்தில் அதற்குப் பிசோகொட்டுவ என்று பெயர். குளத்துத் தண்ணீர் முழு வேகத்தோடு மதகில் மோதினால் கட்டு அரித்துப் போகும். அந்தக் கிணற்றுக்குள் வந்து வேகம் அடங்கி, வேண்டிய அளவு மட்டும் வெளியே போகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர் அதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னரே இந்தத் தீவில் கேட்கப்பட்ட கேள்வி, திறப்பதா வேண்டாமா என்பதல்ல, உடையாமல் திறப்பது எப்படி என்பது.

உடைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் மாவட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டின் மேலால் பாரமான வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணம் என்றார்கள். அன்று யாரும் வான்கதவைத் திறந்ததால் அழிவு வரவில்லை.

பிறகு 2025 நவம்பர். டித்வா புயல் மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலி வழியாக எங்களிடம் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நவம்பர் 30ஆம் திகதி மாவிலாற்றுக் கட்டு உடைந்தது. வெருகல், சேருவில, மூதூர்ப் பக்கச் சனத்தை உடனே வெளியேறச் சொன்னார்கள், கட்டில் சிக்கியவர்களை விமானப்படை ஹெலிகொப்டரில் தூக்கியது. இருபது வருடத்துக்கு முன்னர் ஒரு துளிக்காகச் சண்டை நடந்த இடம் அது. அந்த இரவு பக்கத்து வீட்டு ஐயா நித்திரை கொள்ளவில்லை. என்னுடைய தொலைபேசியில் வந்துகொண்டிருந்த அறிவித்தல்களில் பாதி சிங்களத்தில் மட்டும் இருந்தது. எனக்கு ஓரளவு வாசிக்கத் தெரியும் என்பதால் வேலியோரம் நின்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே எந்தக் கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது என்பது, கீழே இருப்பவனுக்கு அவன் மொழியில், அவன் மாட்டை அவிழ்க்க நேரம் இருக்கும்போது தெரிய வேண்டும். தமிழில் எச்சரிக்கை தாமதமாகவும் குறைவாகவும் வந்தது என்ற முறைப்பாடு அந்த நாட்களில் நாடு முழுக்க எழுந்தது. இதற்குப் புதிய ஆணைக்குழு தேவையில்லை. கதவைத் திறக்கும் பொறியியலாளரின் மேசையில் மொழிபெயர்க்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

நம் அரசியல்வாதிகள் வெள்ளம் வந்த வாரத்தில் படகில் நின்று படம் எடுத்தார்கள். அதில் தப்பில்லை, சாப்பாட்டுப் பொதியும் கொண்டுதான் வந்தார்கள். ஆனால் போகக் கூட்டத்திலும், மாவிலாற்றுக் கட்டுத் திருத்த வேலை பற்றிய கூட்டங்களிலும் தோப்பூருக்கும் மூதூருக்கும் யார் பேசுகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வரும் பெரும்போகத்துக்கு முன் அந்தக் கட்டு எந்த நிலையில் இருக்கும் என்றும் கேளுங்கள். கிளிவெட்டிக்கும் சேருவிலவுக்கும் வேண்டிய பதில்தான் நமக்கும் வேண்டும் என்பதால், மூன்று ஊர் விவசாய அமைப்புகளும் ஒரே கடிதத்தில் கேட்டால் இன்னும் நல்லது. ஐயா தன் பக்கத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கென்று ஓர் அலுவலகம் உருவானது. வாப்பாவின் விண்ணப்பப் பிரதி பொலித்தீன் பையில் உம்மாவிடம் இருக்கிறது, விலைப்பட்டியலில் மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. பெருநாளைக்கு ஊருக்குப் போனபோது எங்கள் ஒழுங்கையில் விசாரித்தேன். இதே மாதிரிப் பிரதி வைத்திருப்பவர்கள் பதினொரு பேர். ஜூலையில் எல்லோரும் ஒன்றாகப் போவதாக முடிவு செய்திருக்கிறோம், ஒரே வேனில்.